இடாப்பின் கடைசி வரி

பழைய மாணவர் ஒன்றுகூடலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்து கேட்டால் ஒரு விஷயம் விளங்கும். ஆசிரியர்களைப் பற்றிக் கதை வரும்போது அவர்கள் படிப்பித்த பாடத்தை எவரும் எடுப்பதில்லை. "தலைப்புக்குக் கீழ சிவப்பில ரெண்டு கோடு இல்லாட்டி கொப்பி ஜன்னலால போகும்", "விடை சரியா இருந்தாலும் படி இல்லாட்டி முட்டைதான்", "ஒருக்காச் சொன்னதைத் திருப்பிச் சொல்லவே மாட்டா". முப்பது வருஷம் கழிந்தும் மனதில் கிடப்பது இந்த மாதிரிப் பழக்கங்கள்தான். பாடசாலையொன்றுக்குப் புதிதாக வரும் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பதும் சரியாக இவைதான். பக்கத்துக் கதிரையில் இருப்பவனுக்கு ஆறாம் தரத்திலிருந்தே தெரியும். மேல்வகுப்பு அண்ணாமார் மிச்சத்தையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாடத்தில் பின்தங்கினால் புத்தகத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம். இதற்குப் புத்தகம் கிடையாது. கொழும்பில் தமிழ்மொழி மூல வகுப்பில் சேரப்போகிற பிள்ளைகளுக்காக, தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

புதுப்பிள்ளைகள் மூன்று வாசல்களால் வருகிறார்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்து ஆறாம் தரத்துக்கு வருவது ஒன்று. பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றோடு உயர்தரம் படிக்கப் பன்னிரண்டாம் தரத்துக்கு வருவது இன்னொன்று. இந்த இரண்டிலும் கூட வருகிற பலரும் புதியவர்கள், அதனால் ஒரே குழப்பத்தைப் பங்குபோட்டுக்கொள்ளலாம். சிரமமானது இடையில் வருவது. அப்பாவுக்கு மாற்றம் கிடைத்தோ, ஊரைவிட்டு வந்தோ, எட்டாம் தரத்தில், பத்தாம் தரத்தில் தனியாக வந்து நிற்கிற பிள்ளை. கீழே எழுதுவதில் முக்கால்வாசி அந்தப் பிள்ளைக்குத்தான்.

பழைய பாடசாலையை விட்டு வெளிக்கிட முன்னரே பார்க்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பத்தாம், பதினோராம் தரங்களில் பிள்ளை படிப்பது ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எங்கு போனாலும் ஒன்றுதான். மற்ற மூன்றும் தொகுதிப் பாடங்கள், அதாவது பாடசாலையில் இருக்கிறவற்றிலிருந்து பிள்ளை தெரிந்தெடுக்கிறவை. பிள்ளை ஊரில் நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கும். கொழும்பில் சேரப்போகும் பாடசாலையில் தமிழில் சங்கீதமும் சித்திரமும் மட்டும் இருக்கும். மும்மொழியிலும் வகுப்பு நடக்கிற பெரிய பாடசாலைகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம், ஏனென்றால் தமிழ்ப் பிரிவில் பிள்ளைகள் குறைவு, எல்லாத் தொகுதிப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கமாட்டார். அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் இதை யாரும் கேட்பதில்லை. பதினோராம் தரத்தில் வந்து பாடம் மாற்றினால் இரண்டு வருஷப் பாடத்திட்டத்தை ஒரு வருஷத்துக்குள் அமுக்க வேண்டிவரும். ஆகவே அதிபரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தமிழ்ப் பிரிவில என்னென்ன தொகுதிப் பாடம் இருக்கு?" என்பதுதான். இருமொழிக் கல்வி வகுப்பென்றால் எந்தெந்தப் பாடம் ஆங்கிலத்தில் என்பதையும் கேளுங்கள். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்துக்குப் போயிருக்கலாம். சமயமும் வரலாறும் தமிழில்தான் இருக்கும்.

பத்திரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், முன்னைய தவணைகளின் தேர்ச்சி அறிக்கை, வதிவிடத்தைக் காட்டக் கிராம அலுவலரின் சான்றிதழும் வாக்காளர் இடாப்பின் (பதிவேட்டின்) பிரதியும். ஒவ்வொன்றிலும் மூலப்பிரதியும் இரண்டு போட்டோப் பிரதியும் கொண்டுபோங்கள். ஒரேயொரு இடத்தில்தான் கவனம் வேண்டும்: விடுகைப் பத்திரத்தில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். "ஸ்ரீ" என்பதும் "சிறீ" என்பதும், ஒரு முதலெழுத்துக் கூடிக் குறைவதும் சேரும் நாளில் சின்ன விஷயமாகத் தெரியும். சாதாரண தரத்துக்கு முன்னர் அதிபர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தலையிடியாக வந்து நிற்கும். பத்து, பதினொன்றில் மாறுகிறவர்கள் அதுவரை செய்த கணிப்பீட்டுப் புள்ளிகளையும் பழைய வகுப்பாசிரியரிடம் எழுத்தில் வாங்கி வர வேண்டும். பிறகு தொலைபேசியில் கேட்டுப் பெறுவது லேசில்லை.

அலுவலகத்தில் சேர்வு இடாப்பில் பெயர் ஏறியதும் ஒரு சேர்விலக்கம் தருவார்கள். அதை உடனே எழுதி வைக்க வேண்டும். நூலகத்துக்கும், பெரும்பாலும் விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் (அணி) பிரிப்பதற்கும், கடைசியில் விடுகைப் பத்திரத்துக்கும் அந்த இலக்கம்தான். அதன்பிறகு அந்தத் தரங்களுக்குப் பொறுப்பான பகுதித் தலைவர், அவர் மூலம் வகுப்பு.

இங்கேதான் வகுப்பாசிரியர் வருகிறார். வரவு இடாப்பு அவர் கையில். அது வருஷத் தொடக்கத்திலேயே எழுதி முடிந்த புத்தகம். பல வகுப்புகளில் அகர வரிசையில் இருக்கும். நடுவில் வந்த பிள்ளையின் பெயர் எந்த எழுத்தில் தொடங்கினாலும் கடைசி வரியில்தான் போகும். அனுஷன் என்று பெயர் வைத்துக்கொண்டு விக்னேஷுக்கும் யாழினிக்கும் கீழே இலக்கம் 41 ஆக நிற்க வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனாலும் அதற்கு விளைவு உண்டு. விஞ்ஞான ஆய்வுகூடத்தில் இலக்கப்படி குழு பிரித்தால் கடைசிக் குழுவில் ஒற்றையாக விழுவது அந்தப் பிள்ளை. பாடப்புத்தகம் இலக்கப்படி கொடுத்தால் முடிந்துபோன பிறகு வருவதும் அந்தப் பிள்ளை. கூப்பிடும் இலக்கம் முப்பத்தொன்பது, நாற்பதோடு நின்றுவிட்டால், "டீச்சர், நாப்பத்தொண்டு" என்று எழும்பிச் சொல்லப் பழக வேண்டும். கூச்சப்பட்டு இருந்தால் வந்த நாளிலும் வராத கணக்காகும்.

கதிரையும் அப்படியே. இடம் காலியாக இருப்பது பின்வரிசையில்தான், அங்கேதான் இருத்துவார்கள். கரும்பலகை தெரியாவிட்டால் முதல் நாளே சொல்லுங்கள். கண்ணாடி போடும் பிள்ளையென்றால் பெற்றோர் ஒரு சின்னக் கடிதம் கொடுத்துவிட்டால் போதும், எந்த வகுப்பாசிரியரும் முன்னுக்கு மாற்றுவார். ஒரு மாதம் கழித்துச் சொன்னால், "இவ்வளவு நாளும் என்ன செய்தனீ?" என்ற கேள்விதான் முதலில் வரும், அதுவும் நியாயம்தான்.

பாடப்புத்தகம் இலங்கையில் 1980 முதல் இலவசம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அச்சிடுகிறது, பாடசாலை கொடுக்கிறது. வருஷத் தொடக்கத்தில் பங்கிட்டு முடிந்திருந்தால், மேல்வகுப்புப் பிள்ளைகள் திருப்பிக் கொடுத்த பழைய பிரதி ஒன்று வகுப்பாசிரியரின் அலுமாரியில் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். அதிலும் கிடைக்காததைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பழைய பிரதி கிடைத்தால் வருத்தப்படாதீர்கள். முன்பு பாவித்த பிள்ளை பென்சிலால் கோடிட்டு வைத்திருப்பதைப் பார்த்தால், அந்த ஆசிரியர் எந்தப் பந்தியில் நின்று நின்று படிப்பிப்பார் என்பது தெரிந்துவிடும். புதுப் புத்தகத்தில் அந்த வசதி இல்லை.

நேரத்தைப் பார்ப்போம். அரசாங்கப் பாடசாலையில் வழமையாகக் காலை 7.30இலிருந்து பகல் 1.30 வரை. நாற்பது நிமிஷப் பாடவேளை எட்டு. காலைக்கூட்டமும் இடாப்பும் முடிய 7.50க்கு முதல் பாடம், நான்கு பாடம் முடிய 10.30, இருபது நிமிஷ இடைவேளை, பிறகு நான்கு. நாற்பது நிமிஷம் என்பது நேரசூசியில் மட்டும்தான். ஆசிரியர் வேறு கட்டடத்திலிருந்து வந்து சேர, எல்லாரும் எழும்பி வணக்கம் சொல்லி இருக்க, கையில் கிடைப்பது முப்பத்தைந்து. அதற்குள் கொப்பியைத் தேடுகிற பிள்ளை முதல் ஐந்து நிமிஷத்தையும் தொலைக்கும். ஒரு பாடம் முடிகிற மணி அடிக்கும்போதே அடுத்த பாடத்தின் கொப்பியும் புத்தகமும் மேசைக்கு வந்துவிட வேண்டும். பழைய பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள், பார்த்துப் பழகலாம்.

காலையில் காலி வீதியில் 100, 101 இலக்க பஸ்களிலும் மட்டக்குளியிலிருந்து வரும் 155இலும் பாடசாலைப் பையோடு ஏறுவது ஒரு தனிக்கலை. ஊரில் சைக்கிளில் போய்ப் பழகிய பிள்ளை வரைபடத்தைப் பார்த்து, வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குப் பத்து நிமிஷம் என்று கணக்குப் போடும். பஸ் வந்தாலும் நிற்பாட்டாமல் போகும் நாள் உண்டு என்பதை அது கணக்கில் எடுக்காது. 7.15க்கு வாசலில் நிற்கிற மாதிரி வெளிக்கிட்டால் போதும். வாசல் பூட்டிய பிறகு வந்தால் மாணவத் தலைவர்கள் லேட் புத்தகத்தில் பெயர் எழுதுவார்கள். வந்த முதல் கிழமையிலேயே பகுதித் தலைவருக்குப் பெயர் அந்தப் புத்தகத்தின் வழியாக அறிமுகமாவது நல்லதில்லை. இலங்கை போக்குவரத்துச் சபையின் சிசு செரிய என்ற பாடசாலைப் பிள்ளைகளுக்கான பஸ் உங்கள் வழியில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். பாடசாலை வான் வண்டியில் அனுப்புவதென்றால் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறை மாதங்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முதலே பேசி முடியுங்கள். சண்டை வருவது அதில்தான்.

சீருடை பற்றி ஒரே வரி: நீலக் காற்சட்டையிலிருந்து வெள்ளை நீளக் காற்சட்டைக்கு எந்தத் தரத்தில் மாறுவது, சப்பாத்து கறுப்பா வெள்ளையா, பின்னலுக்கு எந்த நிற ரிபன், இவையெல்லாம் பாடசாலைக்குப் பாடசாலை வேறு, ஆதலால் கேட்டுவிட்டுத் தையுங்கள்.

இனிக் கொப்பி. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பது வரை பன்னிரண்டு பதின்மூன்று பாடம் இருக்கும். பெற்றோர் முதல் நாளுக்கு முதல் நாளே புறக்கோட்டைக்குப் போய்ப் தடித்த அட்டை போட்ட பதின்மூன்று சிஆர் கொப்பி வாங்கி, பிரவுண் பேப்பர் உறை போட்டு, பெயர், தரம், பிரிவு எழுதி ஒட்டி அனுப்புவார்கள். பிள்ளை போனதும் வேறு பிரிவில் போடுவார்கள். வரலாற்று டீச்சர் "எனக்கு இருநூறு பக்கம் வேணும்" என்பார். கணித சேர் சதுரரூல் கேட்பார், வீட்டுவேலைக்கு இன்னொன்று தனியாகக் கேட்பார். சங்கீதத்துக்கு நாற்பது பக்கம் போதும் என்று தெரியவரும். ஒட்டின பேப்பரெல்லாம் கிழிக்க வேண்டியதுதான்.

முதல் மூன்று நாளைக்கு 120 பக்க ஒற்றைரூல் கொப்பி ஒன்று மட்டும் போதும். எல்லாப் பாடத்தையும் அதிலேயே எழுதட்டும், ஒவ்வொரு பாடத்துக்கும் புதுப்பக்கத்தில் தொடங்கட்டும். அந்த மூன்று நாளில் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் கொப்பியைப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை இவைதான்: எத்தனை பக்கக் கொப்பி, ஓரக்கோடு ஒரு பக்கமா இரண்டு பக்கமா, எந்த நிறத்தில், திகதி வலது மூலையிலா நடுவிலா, தலைப்புக்குக் கீழே எத்தனை கோடு, புதுப்பாடம் புதுப்பக்கத்திலா அல்லது கோடு கீறிவிட்டுக் கீழேயா, முதல் பக்கத்தில் பொருளடக்கம் இருக்கிறதா, பிழையை டிபெக்ஸால் (வெள்ளை மையால்) அழிக்கலாமா, ஒரு கோட்டால் வெட்ட வேண்டுமா. கடைசியில் உள்ளது முக்கியம். டிபெக்ஸைக் கண்டால் கொதிக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் நியாயமும் உண்டு: பிள்ளை எங்கே பிழைத்தது என்பது அழித்த இடத்தில் தெரியாது. இதையெல்லாம் பார்த்த பிறகு நாலாம் நாள் கொப்பிகளை வாங்கி, எழுதியதைப் பெயர்த்து எழுத வேண்டும். மூன்று நாளைத் தாண்ட விடாதீர்கள். ஒரு கிழமை ஆனால் பெயர்த்து எழுத முப்பது பக்கம் சேர்ந்துவிடும், சனி ஞாயிறு முழுக்க அதற்கே போகும்.

தவறவிட்ட பாடக்குறிப்புகளுக்கு எல்லாரும் வகுப்பில் முதலாம் பிள்ளையின் கொப்பியைத்தான் கேட்பார்கள். அதை விட்டுவிடுங்கள். அந்தக் கொப்பிக்கு ஏற்கெனவே நாலு பேர் வரிசையில் நிற்பார்கள், கிடைத்தாலும் ஒரு இரவுக்குத்தான். ஒழுங்காக வருகிற, எழுத்து விளங்குகிற, அமைதியான ஒரு பிள்ளையை வகுப்பாசிரியரிடமே கேட்டு அறியுங்கள். வரலாறு, தமிழ், புவியியல் குறிப்புகளைக் கொமினிகேஷன் கடையில் போட்டோப் பிரதி எடுத்து ஒட்டலாம். கணிதத்தைப் பிரதி எடுக்கவே கூடாது. மற்றவன் செய்த கணக்கைப் பார்த்தால் எல்லாம் விளங்கின மாதிரியே இருக்கும். ஒவ்வொரு அலகிலும் ஐந்து கணக்கைப் பிள்ளை தானே செய்து, மாட்டுப்பட்ட இடத்தை மட்டும் சேரிடம் கொண்டுபோனால் போதும்.

சேரிடம் எப்போது போவது? இடைவேளை தொடங்கின கையோடு போனால் அவர் அப்போதுதான் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்திருப்பார். கடைசி ஐந்து நிமிஷத்தில், 10.45 மட்டில், ஆசிரியர் ஓய்வறை வாசலில் நின்று, "எக்ஸ்கியூஸ் மீ சேர், ஒரு கணக்கு" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். கொப்பி திறந்த பக்கத்தோடு, சந்தேகம் வந்த படியில் விரலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். "ஒண்டும் விளங்கேல்ல சேர்" என்று சொன்னால் ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கணித ஆசிரியர்கள் படி, படி என்று உயிரை வாங்குவதற்குக் காரணம் பரீட்சைத்தாளிலேயே இருக்கிறது. சாதாரண தரக் கணிதத்தில் முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் இருபத்தைந்து சிறு வினா, ஒன்றுக்கு இரண்டு புள்ளி. பி பகுதியில் ஐந்து வினா, பத்துப் பத்து. இரண்டாம் வினாத்தாளில் பத்து வினாவுக்கு விடை எழுத வேண்டும், அங்கும் பத்துப் பத்து. புள்ளி படிக்குப் படிதான் போடுவார்கள். பதினைந்தாம் வரியில் கூட்டலைப் பிழைவிட்டவனுக்கு ஏழு எட்டுக் கிடைக்கும். மனக்கணக்கில் போட்டு விடையை மட்டும் எழுதியவன் பிழைத்தால் எல்லாம் போச்சு. வேறு பாடசாலையில் சுருக்கமாகச் செய்து பழகிய கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுவார்கள்.

குறிப்புச் சொல்லி எழுதுவிக்கிற ஆசிரியர்கள் இன்னொரு வகை. வரலாறு, சமயம், குடியுரிமைக் கல்வி வகுப்புகளில் இவர்களைக் காணலாம். நடந்துகொண்டே சொல்வார்கள், நிறுத்தமாட்டார்கள். புதுப்பிள்ளை விடும் பிழை ஒன்றுதான்: ஒரு சொல் கேட்காவிட்டால் எழுதுவதை நிற்பாட்டிவிட்டுப் பக்கத்தில் எட்டிப் பார்ப்பது. பார்த்து முடிய இரண்டு வசனம் போயிருக்கும், பக்கத்துப் பிள்ளைக்கும் ஏச்சு விழும். கேட்காத இடத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டே போக வேண்டும். அன்றைக்கே, வீட்டுக்குப் போக முதல், அந்த இடைவெளிகளை நிரப்ப வேண்டும். மறுநாள் என்றால் எந்தச் சொல் போனது என்பதே நினைவில் இராது. அதோடு, சாதாரண தர வரலாற்றில் வரைபடத்தில் இடம் குறிக்கிற கேள்வி வரும். டீச்சர் சொல்கிற ஒவ்வொரு இடப்பெயரையும் வெற்றுப்படம் ஒன்றில் புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் தவணைப் பரீட்சைக்குத் தனியாகப் படிக்கத் தேவையில்லை.

கொழும்புத் தமிழ் வகுப்புக்கென்றே உள்ள சிக்கல் பாஷை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், கொழும்பு, எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அறையில். ஆசிரியர்களும் அப்படியே. "கெதியா எழுதுங்கோ பிள்ளையள்" என்றால் விரைவாக எழுதச் சொல்கிறார். "வடிவா வாசி" என்றால் கவனமாக, ஒழுங்காக வாசி என்று அர்த்தம். அழகுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மட்டக்களப்பு டீச்சர் "மறுகா" என்றால் பிறகு. அதிகம் வம்பு வருவது "பேசு" என்ற சொல்லால். மலையகப் பிள்ளைக்குப் பேசுவது என்றால் கதைப்பது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குப் பேச்சு வாங்குவது என்றால் ஏச்சு வாங்குவது. "டீச்சர் என்னோட பேசினாங்க" என்று ஒரு பிள்ளை மகிழ்ச்சியாகச் சொல்ல, "ஐயோ, ஏன் பேசினவ, என்ன செய்தனீ?" என்று மற்றது பதறும். இரண்டு கிழமையில் எல்லாம் பழகிவிடும். தன் ஊர்ப் பேச்சை மாற்ற வேண்டும் என்று பிள்ளையை நெருக்காதீர்கள், வகுப்பில் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை.

தமிழ்நாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைகளுக்குச் சிக்கல் புத்தகத்திலேயே இருக்கிறது. விஷயம் தெரியும், பெயர்தான் வேறு. அங்கே இயற்பியல், இங்கே பௌதிகவியல். வேதியியல் இங்கே இரசாயனவியல். அழுத்தம் இங்கே அமுக்கம், முடுக்கம் இங்கே ஆர்முடுகல், ஒளிச்சேர்க்கை இங்கே ஒளித்தொகுப்பு, செல் இங்கே கலம், ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன். கணிதத்தில் இயற்கணிதம் அட்சரகணிதமாகவும் வடிவியல் கேத்திரகணிதமாகவும் இருக்கும். பரீட்சையில் கேள்வி விளங்காமல் தெரிந்த விடையை விட்டுவிட்டு வருவது இந்தப் பிள்ளைகள்தான். விஞ்ஞானக் கொப்பியின் கடைசி நாலு பக்கத்தை நடுவில் கோடு கீறி ஒதுக்கி, இடதில் அங்கத்தைய சொல், வலதில் இங்கத்தைய சொல் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். விஞ்ஞான ஆசிரியரிடம் ஒரு தடவை காட்டினால் விட்டதை அவரே நிரப்பித் தருவார். அவருக்கும் அது உதவும், ஏன் இந்தப் பிள்ளை கையை உயர்த்துவதில்லை என்று அவர் யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

சிங்களம் ஒன்பதாம் தரம் வரை இரண்டாம் மொழியாக உண்டு. கொழும்பில் வளர்ந்த பிள்ளைகள் பஸ்ஸிலும் கடையிலும் பழகிய சிங்களத்தோடு வருவார்கள். வடக்கு கிழக்கிலிருந்து வரும் பிள்ளை அதைப் பார்த்து மலைக்கும். ஆனால் எழுத்துச் சிங்களமும் பேச்சுச் சிங்களமும் நன்றாக வேறுபட்டவை. பரீட்சையில் எழுத்தும் வசன அமைப்பும்தான் எடுபடும். எழுத்துகளை முதல் மாதத்தில் உறுதியாகப் பிடித்துவிட்ட பிள்ளை, வாயால் கதைக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாத பிள்ளையை எழுத்துச் சோதனையில் தாண்டிவிடுவது நடக்கிற காரியம்.

ஆசிரியர் வராத நாளில் ரிலீஃப் பாடவேளை. வேறொரு ஆசிரியர் வந்து வகுப்பைப் பார்த்துக்கொள்வார், பெரும்பாலும் படிப்பிக்கமாட்டார். புதுப்பிள்ளைக்கு இது பொன் மாதிரி. இடைவெளி நிரப்புவது, குறிப்புப் பெயர்ப்பது எல்லாம் அந்த நேரத்தில் முடியும். ரிலீஃபுக்கு வருகிறவர் இளையவராக இருந்தால் கல்வியியல் கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்தவராக இருக்கலாம். அவரும் அந்தப் பாடசாலைக்குப் புதியவர்தான். பொறுமையாகச் சொல்லித் தருவார், கேளுங்கள்.

முதலாம் தவணையில் சேர்ந்தால் இல்ல விளையாட்டுப் போட்டி வந்து நிற்கும். எந்த இல்லம் என்று அறிந்து, உடற்கல்வி சேரிடம் தானாகவே போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். ஓடத் தெரியாவிட்டாலும் இல்லம் சோடிக்க ஆள் வேண்டும். கடதாசி வெட்டவும் வண்ணம் தீட்டவும் பின்னேரம் மூன்று மணி வரை நின்றால், மேல்வகுப்புப் பிள்ளைகளின் அறிமுகம் கிடைக்கும். ஆசிரியர்களைப் பற்றிய உண்மையான தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது. எழுத்து, பேச்சு வருகிற பிள்ளையென்றால் தமிழ்த் தினப் போட்டிக்குத் தமிழ் டீச்சரிடம் பெயர் கொடுக்கலாம். பாடசாலை மட்டத்தில் தொடங்கிக் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று போகும். புதிதாக வந்த பிள்ளைக்கு ஆற்றல் இருப்பதை ஆசிரியர்கள் அறிய இதைவிடக் குறுக்குவழி இல்லை.

பன்னிரண்டாம் தரத்துக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் குறைந்தது மூன்று பாடம் சி தரத்துக்குக் குறையாமல் என்பது அடிப்படை. பாடசாலைகள் துறைக்கேற்ப அதற்கு மேலும் கேட்கும். வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ டியூஷன் தொடங்கி ஒரு அலகு முன்னால் போயிருப்பார்கள். பாடசாலை ஆசிரியர் தொடக்கத்திலிருந்து படிப்பிக்கும்போது அவர்கள் கொட்டாவி விடுவார்கள். அதைப் பார்த்து, "இது எல்லாருக்கும் தெரியும்போல, எனக்குத்தான் தெரியாது" என்று புதுப்பிள்ளை நினைத்துவிடக்கூடாது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை மூலம் தோற்ற 80 சதவீத வரவு தேவை என்பதையும் மனதில் வையுங்கள். டியூஷனுக்காக வராமல் நிற்கிற பழக்கம் பழைய மாணவர்களிடமிருந்து முதலில் தொற்றுகிற வியாதி.

கூப்பிடும் முறை. தமிழ்ப் பிரிவுகளில் டீச்சர், சேர் என்பது பொதுவழக்கம். சில பாடசாலைகளில் மிஸ். கன்னியர் மடங்களில் சிஸ்டர். ஊரிலிருந்து வந்த பிள்ளை "ஐயா" என்று கூப்பிட்டால் வகுப்பு சிரிக்கும், ஆசிரியர் சிரிக்கமாட்டார். பட்டப்பெயர்கள் முதல் நாளே காதில் விழும். பாவிக்க வேண்டாம், முக்கியமாகக் கொப்பியில் எழுத வேண்டாம். அதோடு சேர்த்து ஆசிரியர்களின் முழுப்பெயரை ஒரு இடத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். "கணக்கு சேர்" என்று மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, மாற்றமாகிப் போனவரை, ஓய்வு பெற்றவரைத் தேட முடியாது. இருபது வருஷத்துக்குப் பிறகு தேடவேண்டி வரும்.

தவணை அறிக்கை கைக்கு வந்ததும் ஒரு இடத்தைப் பாருங்கள். பிள்ளை சேராத முதலாம் தவணையின் கட்டத்தில் சில வேளை வரவில்லை என்று குறி விழுந்திருக்கும். பழைய பாடசாலை அறிக்கையை வகுப்பாசிரியரிடம் காட்டி, சேர்ந்த திகதியை அதில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கோபப்படாமல் கேட்டால் அந்த இடத்திலேயே திருத்தித் தருவார்.

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். அன்றைக்கு வகுப்பில் வாழ்த்து அட்டை செய்யும்போது, எந்த டீச்சருக்கு எந்த நிறம் பிடிக்கும், யாருக்குச் சிவப்பு மை ஆகாது என்று புதுப்பிள்ளையே வாய்விட்டுச் சொல்லும். பெற்றோர் கவனித்தால் தெரியும்.

டிசம்பரில் வகுப்பாசிரியர் இடாப்பை மூடுவார். ஜனவரியில் அடுத்த தரத்துக்குப் புது இடாப்பு எழுதும்போது எல்லாப் பெயரையும் திரும்ப அகர வரிசையில் போடுவார்கள். அனுஷன் இலக்கம் 2க்கு ஏறிவிடுவான். நாற்பத்தொன்று என்று சொல்லிப் பழகிய வாய்க்கு முதல் கிழமை கொஞ்சம் தடுமாறும்; ஆசிரியர் இரண்டாம் தடவை கூப்பிட முன்னர் எழும்பிவிட வேண்டும்.